ஆட்டு மந்தையும் வருகைப் பதிவேடும்: எத்தியோப்பிய மலைக் கிராமம் ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

எத்தியோப்பியாவில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி ஒன்றில் நான் வேலை பார்த்த காலத்தில், எங்கள் பயிற்சி மாணவர்கள் போய்வந்த ஒரு கிராமப் பள்ளியில் நடந்தது இது. 2013 செப்டம்பரில் தொடங்கி 2014 ஜூனில் முடிந்த ஒரு பள்ளி ஆண்டு. அந்த நாட்டு நாட்காட்டிப்படி அது 2006. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிக்கு வருவது குறைந்துகொண்டே போனது. அவனை வரவைக்க நாங்கள் மூன்று முறை முடிவெடுத்தோம். முதல் இரண்டும் தவறாகப் போயின. அதில் ஒன்றால், இந்த விஷயத்தில் சம்பந்தமே இல்லாத ஒன்பது வயதுப் பிள்ளை அடிபட்டான். அதனால்தான் முழுவதையும் எழுதி வைக்கிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய சின்ன விவரங்கள் சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன்.

இடமும் வீடும்

ஊர் இருப்பது வடக்கு ஷேவா என்கிற பகுதியில். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி டெப்ரே பெர்ஹான் என்கிற நகரம் இருக்கிறது. அதைத் தாண்டிய மேட்டு நிலம். கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேல். ஆப்பிரிக்கா என்றதும் வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே நவம்பர், டிசம்பர் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். பார்லி, கோதுமை, மொச்சை போன்ற ஒரு பெரிய அவரை இவைதான் பயிர். மரம் குறைவு. அடுப்பெரிக்கச் சாணியைத் தட்டிக் காயவைத்த வறட்டிதான். அதை அங்கே குபெத் என்பார்கள். வீட்டுக்கு வீடு செம்மறி ஆடு இருக்கும். கையில் காசு வேண்டுமென்றால் ஓர் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போக வேண்டியதுதான்.

வயல்களுக்கு வேலி கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரிய மழை. அதில் முளைத்த பயிர் நவம்பர், டிசம்பர் வரை நிற்கும். அந்த மாதங்களில் ஆடு மாடு வயலில் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அறுவடை முடிந்துவிட்டால் தாளடியில் எங்கே வேண்டுமானாலும் மேயலாம், பாதி வேலை போய்விடும். அதாவது மேய்ப்பவனின் தேவை உச்சத்தில் இருப்பதும் பள்ளி திறப்பதும் ஒரே சமயத்தில். பெரியவர்களுக்கும் அப்போது களையும் அறுப்பும் தலைக்கு மேல் இருக்கும்.

நாங்கள் பார்த்த வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அம்மா, நான்கு பிள்ளைகள். மூத்தவள் 13 வயது, ஆறாம் வகுப்பு. அடுத்தவன் 11 வயது, நான்காம் வகுப்பு. அப்புறம் ஆறு வயதுப் பையன் ஒருவன், ஒரு கைக்குழந்தை. பதினான்கு செம்மறி, ஏர் மாடு ஒரு ஜோடி, ஒரு பசு, ஒரு கழுதை. பள்ளிக்கு நடை நாற்பது நிமிடம்.

பதிவேட்டில் தெரிந்தது

பள்ளி திறந்த முதல் ஐந்து வாரத்தில் 24 வேலை நாட்கள். பையன் 13 நாள் வரவில்லை. முந்தைய ஆண்டு மூன்றாம் வகுப்பில் அவன் வருகை நன்றாகவே இருந்திருக்கிறது. எங்கள் பயிற்சி மாணவர் ஒருவர்தான் இதைக் கவனித்துச் சொன்னார். வீட்டுக்குப் போய் விசாரிக்கும்படி ஒரு படிவம் கொடுத்து அவரை அனுப்பினேன்.

அந்தப் படிவத்தை நான்தான் தயாரித்தேன். ஒரு நாளின் 24 மணி நேரத்தைத் தூக்கம், வீட்டு வேலை, பண்ணை வேலை, பள்ளி, படிப்பு, விளையாட்டு என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேட்கும் படிவம். 'யங் லைவ்ஸ்' ஆய்வில் பிள்ளைகளின் நேரத்தை இப்படித்தான் கேட்பார்கள். 2002 முதல் எத்தியோப்பியாவில் சுமார் 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்து வரும் ஆய்வு அது. நம் பக்கத்தில் ஆந்திரத்திலும் இன்றைய தெலங்கானாவிலும் அதே ஆய்வு நடந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த முறை சரிதான். ஒரே ஒரு வீட்டைப் புரிந்துகொள்ள அதை எடுத்துப் போனது என் பிழை.

படிவம் திரும்பி வந்தது. பையன்: மேய்ச்சல் ஏழு மணி நேரம், விளையாட்டு பூஜ்யம். அக்கா: வீட்டு வேலை நான்கு மணி நேரம், விளையாட்டு பூஜ்யம்.

இந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று பிறகுதான் புரிந்தது. அங்கே பேசும் அம்ஹாரிக் மொழியில் விளையாட்டுக்குச் சொல் 'ச்சவாத்தா'. உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கும் அதே சொல்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் 'ச்சவாத்தா பண்ணுங்கள்' என்றால், சும்மா பேசிக்கொண்டிருங்கள், சகஜமாக இருங்கள் என்று அர்த்தம். பள்ளியிலிருந்து வந்த ஒரு ஆள் கையில் காகிதத்தோடு நின்று, "உங்கள் மகள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ச்சவாத்தா?" என்று கேட்டால் எந்தத் தாய் என்ன சொல்வாள்? என் பிள்ளை வெட்டியாக இருப்பதில்லை என்றுதான் சொல்வாள். பூஜ்யம் என்பது பெருமையோடு சொன்ன பதில். நாங்கள் அதை வறுமையின் கணக்காக எழுதிக்கொண்டோம்.

நேரத்திலும் ஒரு குளறுபடி. அங்கே பொழுது விடியும்போதுதான் மணி தொடங்கும். நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. அக்கா 11 மணிக்கு எழுந்தாள் என்று மாணவர் எழுதியிருந்ததை, ஏதோ எழுத்துப் பிழை என்று நான் அடித்துவிட்டேன். அது விடியற்காலை 5 மணி. அவள் நாளில் இரண்டு மணி நேரம் அந்தப் பேனாக் கோட்டில் காணாமல் போனது.

முதல் முடிவு: எச்சரிக்கைக் கடிதம்

பள்ளியில் கூடிப் பேசினோம். தலைமை ஆசிரியர், நான்காம் வகுப்பு ஆசிரியர், நான், பயிற்சி மாணவர்கள் இருவர். பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்பது பொதுவான எண்ணம். நானும் மறுக்கவில்லை. வகுப்பறைச் சுவரில் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, விளையாட்டும் ஓய்வும் குழந்தையின் உரிமை என்று, வண்ணத்தாளில் எழுதி ஒட்டியிருந்தது. எத்தியோப்பியா அதை 1991-லேயே ஏற்றுக்கொண்ட நாடு. பிள்ளைக்கு விளையாட்டே இல்லை என்று கையில் படிவம் வேறு இருக்கிறது. கெபெலே எனப்படும் உள்ளூர் நிர்வாகம் வழியாக அப்பாவுக்குக் கடிதம் அனுப்புவது, தொடர்ந்தால் அபராதம் என்று சொல்வது. இதுதான் முடிவு.

சட்டப்படி அந்தக் கடிதத்துக்குப் பெரிய பலம் கிடையாது. அப்போது வேலைக்கு வைக்கக் குறைந்தபட்ச வயது 14. 2019-இல் வந்த 1156-ஆம் எண் தொழிலாளர் சட்டம் அதை 15 ஆக்கியது. ஆனால் அது முதலாளிக்கும் வேலை செய்பவருக்கும் நடுவே உள்ள சட்டம். சொந்த வீட்டு ஆட்டைச் சொந்தப் பையன் மேய்ப்பதற்கு அது பொருந்தாது. இருந்தும் கடிதம் போனது, கெபெலே முத்திரையோடு.

மறுநாளே பையன் வந்தான். அடுத்த மூன்று வாரம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. 'தீர்ந்தது' என்று கோப்பில் எழுதினோம்.

நான்காவது வாரத் தொடக்கத்தில் பயிற்சி மாணவர் பள்ளிக்கு நடந்து வரும் வழியில், சரிவில் கோலோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார். அந்த வீட்டு அக்கா. ஆறாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அந்த மூன்று வாரத்தில் அவள் ஒன்பது நாள் வரவில்லை. வேறு வகுப்பு, வேறு ஆசிரியர். இரண்டு பெயரையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கடிதத்தில் தம்பியின் பெயர் மட்டும் இருந்தது. வீடு அதற்குக் கட்டுப்பட்டது.

இரண்டு நாள் கூடவே நடந்தது

படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, நவம்பர் நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு, அந்தப் பிள்ளைகளோடு கூடவே போனோம். சனிக்கிழமை பையனோடு நானும் எத்தியோப்பியச் சக ஆசிரியர் ஒருவரும். அவரே சிறு வயதில் ஆடு மேய்த்தவர். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு எங்கள் பெண் பயிற்சி மாணவர் ஒருவர்.

காலையில் பையன் தோளில் கம்பளி, இடுப்பு முடிச்சில் வறுத்த பார்லி, அதற்குக் கோலோ என்று பெயர், கையில் கோல், கவண். அரை மணி நேரத்தில் மற்ற நான்கு வீட்டுப் பையன்களும் தங்கள் ஆடுகளோடு வந்து சேர்ந்தார்கள். ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை. ஐந்து மந்தையும் கலந்து எழுபது ஆடு இருக்கும். பார்லி அறுத்த தாளடி ஒரு பக்கம், இன்னும் அறுக்காத வயல் ஒரு பக்கம். வயலோரமாக ஒரு பையன் போய் நின்றுகொண்டான். மற்ற நால்வரும் கென்னா ஆட ஆரம்பித்தார்கள். வளைந்த முனையுள்ள கழி, மரத்தில் செதுக்கிய பந்து. ஏறக்குறைய நம் ஹாக்கி மாதிரி. ஜனவரி 7-இல் வரும் அவர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊரே ஆடும் ஆட்டம். பையன்களுக்கு நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது.

கொஞ்ச நேரம் கழித்து வயலோரத்தில் நின்றவன் குரல் கொடுத்தான். யாரும் ஒன்றும் சொல்லாமலே ஆட்டத்திலிருந்து ஒருவன் கழன்று அவன் இடத்துக்குப் போனான், அவன் ஆட்டத்துக்கு வந்தான். நாள் முழுக்க இப்படியேதான். ஒன்பது வயதுப் பையனின் முறை வந்தபோது பெரியவன் ஒருவனும் கூடப் போய் நின்றான். நடுவில் இரண்டு ஆடு தனியாகப் பிரிந்து பாறைப் பக்கம் ஏறின. நம் பையன் பந்தைப் பார்த்துக்கொண்டே கவணில் ஒரு கல்லை வைத்துச் சுழற்றி, முன்னால் போன ஆட்டுக்கு இரண்டு முழம் தள்ளிப் படும்படி விட்டான். ஆடு திரும்பியது. பந்தும் அவனிடம் வந்தது, அடித்தான். அவன் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை.

மதியம் ஊற்றுப் பக்கம் ஈரக் களிமண்ணில் ஏர் மாடு பிடித்தார்கள். நுகத்தடி, கலப்பை எல்லாம் உண்டு. ஒன்பது வயதுக்காரன் செய்த மாட்டுக்குக் கொம்பு சரியாக இல்லை. எங்கள் ஏர் மாட்டில் இடது பக்கத்து மாட்டுக்குக் கொம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும் என்று சொல்லித் திருத்திக்கொண்டிருந்தான் நம் பையன்.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஏழு மணி நேரம் மேய்ச்சல் என்றால் அது உண்மை. ஆறு மணி நேரம் விளையாட்டு என்றாலும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு வேறு மாதிரி இருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து வறட்டியில் நெருப்பு மூட்டியிருக்கிறாள். பட்டியைக் கூட்டி, சாணியை அள்ளி, சுவரோரமாகத் தட்டி வைத்திருக்கிறாள். உறைபனியில் ஈரச் சாணி. விரல் கணுக்களில் வெடிப்பு என்று மாணவர் எழுதியிருந்தார். அப்புறம் இருபது லிட்டர் மஞ்சள் கேனைக் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு ஊற்றுக்கு. அங்கே பெண்களும் சிறுமிகளும் பாரத்தை முதுகில்தான் சுமப்பார்கள். வந்து தம்பிக்குச் சாப்பாடு, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது, தானியம் புடைப்பது, மறுபடியும் மாலையில் ஊற்று. வேலைகள் எல்லாம் ஒற்றை ஆளாகச் செய்கிற வேலைகள். அம்மா கூப்பிடும் தூரத்திலேயே. ஒன்று முடிவதற்குள் அடுத்ததற்குக் குரல் வந்துவிடும்.

ஓர் இடம் மட்டும் விலக்கு. ஊற்றில் தண்ணீர் நூலாகத்தான் வரும். கேன்களை வரிசையில் வைத்துவிட்டு ஏழெட்டுப் பெண்கள் பாறையில் உட்கார்ந்து கெலெலெபோஷ் ஆடியிருக்கிறார்கள். ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து, அது விழுவதற்குள் கீழே கிடப்பதை அள்ள வேண்டும். நம் ஊர் அஞ்சாங்கல்லேதான். வரிசை நகரும்போது கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் காலாலேயே கேனை முன்னே தள்ளிவிடுவார்களாம். அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் சிரித்ததை மாணவர் தனியாக எழுதியிருந்தார், வேறு எப்போதும் சிரிக்கவில்லை என்பதால். என் படிவத்தில் அது 'தண்ணீர்: வீட்டு வேலை'.

அன்று மாலை பாட்டியிடம்தான் மூலக் காரணம் கிடைத்தது. அவரை எல்லோரும் எமாமா என்றே கூப்பிடுவார்கள். "போன வருஷம் வரைக்கும் காலையில் அவள் பள்ளிக்கூடம், மதியத்துக்கு மேல் அவன் பள்ளிக்கூடம். வெய்ரா மரத்தடியில் கோலைக் கை மாற்றிக்கொள்வார்கள். இப்போது இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறீர்களே மெம்ஹிர், ஆடு யாரோடு போகும்?" என்றார். மெம்ஹிர் என்றால் ஆசிரியர்.

அந்த ஆண்டு பள்ளிக்குப் புதிதாக நான்கு வகுப்பறைகள் கட்டியிருந்தார்கள். இரண்டு வேளைகளாக நடந்த பள்ளி, எல்லோருக்கும் முழு நாள் என்று மாறியிருந்தது. நல்ல மாற்றம் என்று நாங்கள் எல்லோரும் மகிழ்ந்த மாற்றம். பையன் வராமல் போனது அந்த வாரத்திலிருந்துதான். தேதிகள் எங்கள் பதிவேட்டிலேயே இருந்தன.

இரண்டாவது முடிவு: முறை மேய்ச்சல்

வேளை மாற்றத்தைத் திரும்பப் பெற வொரெடா எனப்படும் வட்டார அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இரண்டாம் பருவத்துக்கு முன் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை என்ன செய்வது?

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஐந்து பையன்கள் ஐந்து மந்தையை ஒரே இடத்தில் மேய்க்கிறார்கள். காவல் நிற்பவன் எப்போதும் ஒருவன்தான். அப்படியானால் மற்ற நால்வரும் பள்ளியில் இருக்கலாமே. வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள். பெரியவர்களுக்குள் வேலையை மாற்றி மாற்றிச் செய்துகொள்ளும் வொன்ஃபெல் என்கிற பழக்கம் ஊரில் ஏற்கெனவே உண்டு, இதுவும் அதைப் போலத்தான் என்று எடுத்துச் சொன்னேன். ஐந்து அப்பாக்களும் சரி என்றார்கள். சக ஆசிரியர் மட்டும் தயங்கினார். "நான் ஒரு நாளும் தனியாக மேய்த்ததில்லை" என்றார். அதை நான் அவரது பழைய நினைவு என்று எடுத்துக்கொண்டேன். அது எச்சரிக்கை என்று கேட்டிருக்க வேண்டும்.

முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாவது வாரம் வியாழக்கிழமை ஒன்பது வயதுப் பையனின் முறை. எழுபது ஆட்டோடு தனியாக. மதியத்துக்கு மேல் ஒரு நரி குட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவன் கோலோடு அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். திரும்பி வரும்போது மந்தை அறுக்காத பார்லிக்குள் நின்றது. குட்டியும் போனது, இன்னொருவர் பயிரும் போனது. மாலையில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து நஷ்டத்தை ஐந்து வீட்டுக்கும் பங்கிட்டார்கள். அன்று இரவு அந்தப் பையனை அவன் அப்பா கோலால் அடித்தார். தடுக்கக் கை நீட்டியதில் மணிக்கட்டு வீங்கிப் போனது. எலும்பு முறியவில்லை. இரண்டு வாரம் அவனால் எழுத முடியவில்லை.

மறுநாள் அவனைப் பார்க்கப் போனேன். கையைத் துணியால் சுற்றிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னிடம் ஒன்று மட்டும் கேட்டான். திங்கட்கிழமை முறையில் இருக்கிற அண்ணனோடு தானும் போகலாமா என்று.

நான் எங்கே தவறினேன் என்பதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். ஐந்து பேர் செய்கிற வேலையில் நால்வர் உபரி என்று கணக்குப் போட்டேன். அந்த நால்வரும் ஆடிக்கொண்டிருந்ததால் அவர்கள் வேலை செய்யவில்லை என்று நினைத்தேன். ஆட்டத்தில் இருந்தபடியே நான்கு ஜோடிக் கண்கள் நான்கு திசையில் இருந்தன. நரி வந்தால் துரத்த இருவர், மந்தையோடு நிற்க மூவர். சின்னவன் முறையில் பெரியவன் கூட நிற்பது யாரும் எழுதி வைக்காத விதி. சனிக்கிழமை முழுக்க இதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு ரசிக்கவும் செய்திருக்கிறேன். முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்ததும் அது வெறும் நேர விரயமாகத் தெரிந்தது. அந்த விளையாட்டை எடுத்ததும் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் மிச்சமிருந்தது தனிமையும் எழுபது ஆடும்தான்.

மூன்றாவது முடிவு

இந்த முறை பேச்சைத் தொடங்கியது நாங்கள் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு திருநாளன்று கோயில் வளாகத்துக்கு வெளியே ஐந்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்தார்கள். பாட்டியும் வந்திருந்தார். பையன்களையும் கூட உட்கார வைக்க வேண்டும் என்று சக ஆசிரியர் கேட்டுக்கொண்டார். பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளைகள் வாய் திறப்பது அங்கே வழக்கமில்லை. ஆனாலும் யாரோடு யார் போனால் சரிப்படும் என்று கேட்டபோது பையன்கள் சட்டென்று பதில் சொன்னார்கள்.

இரண்டு பேராகத்தான் மேய்ப்பது, ஒருவன் பெரியவன், ஒருவன் சின்னவன் என்று முடிவானது. இதனால் ஒவ்வொரு பையனும் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வர முடியாது. காகிதத்தில் இது முந்தைய திட்டத்தைவிட மோசம். தலைமை ஆசிரியருக்கு இது சுலபமான முடிவாக இல்லை, வருகை எண்ணிக்கையைக் கேட்டு அலுவலகத்திலிருந்து அவருக்குத்தான் கடிதம் வரும். பிப்ரவரி வரை பொறுத்துக்கொள்வது என்று அவர் ஒத்துக்கொண்டதை நான் நன்றியோடு நினைக்கிறேன். வராத நாட்களின் பாடத்தை மறுநாள் காலை அரை மணி நேரம் பயிற்சி மாணவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

அன்றைய பேச்சில் ஒரு விஷயம் என் மனதில் நின்றது. சுவரில் ஒட்டியிருந்த 31-ஆவது பிரிவைப் பற்றிச் சொன்னேன். சக ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "எங்களிடமும் ஒரு 31-ஆவது பிரிவு இருக்கிறது" என்றார். 1990-இல் அடிஸ் அபாபாவில் நிறைவேறிய ஆப்பிரிக்கக் குழந்தை உரிமைச் சாசனத்தின் 31-ஆவது பிரிவு குழந்தையின் கடமைகளைப் பற்றியது. குடும்பம் ஒற்றுமையாக இருக்க உழைப்பதும், பெரியவர்களை மதித்து, தேவைப்படும்போது அவர்களுக்கு உதவுவதும் பிள்ளையின் கடமை என்கிறது. அதே சாசனத்தின் 12-ஆவது பிரிவு விளையாட்டு உரிமையைச் சொல்கிறது. இரண்டும் ஒரே சாசனத்துக்குள் இருக்கின்றன. நாங்கள் ஒன்றை மட்டும் சுவரில் ஒட்டியிருந்தோம்.

அக்காவின் நாளைப் பற்றியும் அன்றுதான் முதன்முறையாகப் பேச்சு வந்தது. தம்பி தண்ணீர் எடுக்கலாமே என்று எங்கள் பெண் மாணவர் கேட்டார். ஆண் பிள்ளை முதுகில் கேன் சுமப்பதா என்று ஒரு சலசலப்பு. கழுதையை ஓட்டிப் போவது ஆண் பிள்ளைகளும் செய்கிற வேலைதான் என்று பாட்டி எடுத்துக் கொடுத்தார். கழுதையின் இரு பக்கமும் கேன் கட்டி அவன் ஓட்டி வரட்டும் என்று அப்பா ஏற்றுக்கொண்டார். காலை, மாலை இரண்டு நடையும் தம்பிக்கு என்று எழுதப்போனேன். அக்கா அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். மாலை நடை தனக்கே வேண்டுமாம். "எல்லாரும் அங்கேதான் இருப்பாங்க" என்று அம்மா எங்களுக்குச் சொன்னார். அப்படியே எழுதினோம்.

பின்பு நடந்தது

அறுவடை முடிந்து தாளடி திறந்ததும் நெருக்கடி தளர்ந்தது. ஜனவரியில் இருவர் செய்த வேலையை வீட்டில் இருந்த பெரியவர்களே சில நாட்கள் பார்த்துக்கொண்டார்கள். பிப்ரவரியில் அனுமதி வந்தது. நான்காம் வகுப்பு வரை மதியம், அதற்கு மேல் காலை என்று பழைய ஏற்பாடு திரும்பியது. அதன் பிறகு ஆண்டு முடியும் வரை நம் பையன் ஆறு நாள்தான் தவறினான். அக்காவும் தொடர்ந்து வந்தாள், ஆறாம் வகுப்பில் தேறினாள். மதிப்பெண் குறைவு. அவள் இன்னமும் ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். காலைத் தண்ணீர் நடை குறைந்தது தவிர அவள் நாளில் நாங்கள் எதையும் மாற்ற முடியவில்லை.

புதிய வகுப்பறைகளில் இரண்டு மதியத்துக்கு மேல்தான் நிரம்பின. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மணிக்கட்டு வீங்கிய பையன் மார்ச்சில் பெரிய பையன்களோடு கென்னா ஆடியதைப் பார்த்தேன். அவன் அப்பாவிடம் அடித்ததைப் பற்றி ஒரு முறை பேசினேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. அந்தக் குட்டியை விற்றால் வரும் பணத்தைத்தான் அவர் விதைக்கு நம்பியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர் அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த நிலைக்கு அவரையும் பிள்ளையையும் கொண்டுபோய் நிறுத்தியதில் என் திட்டத்துக்கும் பங்கு இருக்கிறது.

இனி செய்தால்

ஒரு பிள்ளை வராமல் போனால் முதலில் அந்த வீட்டின் எல்லாப் பிள்ளைகளின் பதிவேட்டையும் ஒன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பேன். அப்புறம் பள்ளியில் அந்த வாரம் என்ன மாறியது என்று பார்ப்பேன். வீட்டுக்குப் போவது அதற்குப் பிறகுதான். கடிதம் அனுப்புவதே இல்லை.

மேய்ச்சல் எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூலிக்கு இன்னொருவர் வீட்டில் தங்கி மேய்க்கும் பையன்களும் அந்தப் பகுதியில் உண்டு. அவர்கள் பெரும்பாலும் தனியாகவே இருப்பார்கள். மணிக் கணக்கில் இரண்டு வகைப் பையன்களின் வேலையும் ஒன்றுபோலத் தெரியும். எங்கள் பையன் ஏழு மணி நேரம் வெளியே இருந்ததைவிட, அவன் அக்கா நான்கு மணி நேரம் வீட்டுக்குள் செய்தது பாரமானது என்பதும் மணியை எண்ணினால் தெரியாது. எனவே நேரத்தைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கூட யார் இருந்தார்கள்? கூப்பிடும் தூரத்தில் பெரியவர் யாராவது இருந்தாரா? கை ஓய்ந்திருந்த நேரத்தில் என்ன செய்தாய்? இந்தக் கடைசிக் கேள்வியைத் தாயிடம் கேட்கக் கூடாது, பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே.

அடுத்த ஆண்டு பயிற்சி மாணவர்களுக்குப் புதிய தாளைக் கொடுத்தோம். அதில் கட்டங்கள் இல்லை. மேலே ஒரே ஒரு வரி: "விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இந்தப் பிள்ளையோடு நடந்து, பார்த்ததை எழுதவும்." முதலில் திரும்பி வந்த தாளில் ஒரு மாணவர், தான் ஊற்றங்கரையில் கெலெலெபோஷ் ஆடி மூன்று முறை தோற்றதை எழுதியிருந்தார்.